ஆம்னி வேனின் மங்கிய ஹெட்லைட்: பேட்டரியிலிருந்து சாலை வரை வெளிச்சம் எங்கெங்கே தொலைகிறது

மாருதி வேன் 1984-இல் வந்தது. 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறியது. 2019-இல் உற்பத்தி நின்றது. ஆகவே கடைசியாக வெளிவந்த ஆம்னிகூட இன்றைக்குப் பழைய வண்டிதான். 796 சிசி இன்ஜின் இன்னும் ஓடுகிறது, உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் காய்கறி மூட்டைகளும் அதில்தான் போகிறார்கள், போகின்றன. இருட்டிய பிறகுதான் தொல்லை. டிம்மில் போனால் சாலையில் மஞ்சளாக ஒரு திட்டு மட்டும் விழுகிறது. பிரைட் போட்டால் மரத்தின் கிளைகள் தெரிகின்றன, குழி தெரிவதில்லை.

கடைக்குப் போனால் இரண்டு தீர்வுகளில் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள்: 100/90 வாட் பல்ப், இல்லாவிட்டால் எல்.இ.டி. பெரும்பாலான ஆம்னிகளில் பல்பு மீது குற்றமே இல்லை. பல்புக்குப் போய்ச் சேர வேண்டிய வோல்டேஜ் வழியிலேயே கரைந்துபோகிறது. மிச்சத்தை மங்கிய டூம் (பல்பைச் சுற்றியுள்ள ரிஃப்ளெக்டரும் முன் லென்ஸும்) விழுங்குகிறது. அதற்கும் மிஞ்சியது தவறான கோணத்தில் விழுகிறது. பல்பை மாற்றினால் இந்த மூன்றில் ஒன்றும் சரியாகாது.

வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும்

ஆம்னியில் இருப்பது எச்-4 வகை ஹாலஜன் பல்ப்: ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள், பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். இந்தப் பல்புக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 37 சொல்லும் கணக்கு, 13.2 வோல்ட்டில் பிரைட் 1650 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), டிம் 1000 லூமன் (15 சதவீதம் கூடக் குறைய). 12 வோல்ட் பல்ப் என்று எழுதியிருந்தாலும் அது முழு வெளிச்சம் தருவது இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது கிடைக்கிற 13 வோல்ட்டுக்கு மேல்தான்.

ஹாலஜன் இழையின் வெளிச்சம் வோல்டேஜோடு ஒரே விகிதத்தில் இறங்குவதில்லை. வோல்டேஜின் ஏறத்தாழ 3.4 அடுக்கில் இறங்குகிறது. 13.2 வோல்ட்டில் 1000 லூமன் என்றால் 12.5-இல் சுமார் 830, 12-இல் 720, 11.5-இல் 625, 11-இல் 540, 10.5-இல் 460. அதாவது மீட்டரில் பார்த்தால் 'இரண்டு வோல்ட்தானே குறைகிறது' என்று தோன்றும் இடத்தில் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகியிருக்கும். இழையின் சூடும் குறைவதால் நிறம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கும். ஆம்னி ஹெட்லைட் 'மஞ்சளடிக்கிறது' என்றால் அது பல்பின் தரத்தைவிட வோல்டேஜைப் பற்றிய சேதியாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அந்த இரண்டு வோல்ட் எங்கே போகிறது? போனட்டுக்குள் பேட்டரியும் அதன் அருகிலேயே ஹெட்லைட்டும் இருக்கிற கார் இல்லை இது. இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில். மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பெட்டி, ஸ்டியரிங் அருகிலுள்ள ஸ்விட்ச், டிம்-பிரைட் ஸ்விட்ச் என்று சுற்றிக்கொண்டுதான் முகப்புக்கு வருகிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.018 ஓம் தடை. அப்படி 4 மீட்டர் வயரில் இரண்டு டிம் பல்புகளுக்கான 9 ஆம்பியர் ஓடினால் வயரில் மட்டும் 0.65 வோல்ட் போய்விடும். அதன்மேல் ஒவ்வொரு கனெக்டரும், ஃப்யூஸ் பிடிக்கும் தகடும், ஸ்விட்சின் தேய்ந்த காண்டாக்ட்டும் தன் பங்கை எடுக்கும். கறுத்துப்போன ஒரு காண்டாக்ட்டில் 0.05 ஓம் தடை இருந்தால் அரை வோல்ட் அங்கேயே போகும். போவதோடு நிற்காது, 4 வாட் சூடாக அந்தச் சின்ன இடத்தில் தங்கும். ஸ்விட்ச் பிளாஸ்டிக் உருகி, லைட் போட்டுக் கொஞ்ச நேரத்தில் நெடி வருவது இதனால்தான்.

முதலில் அளவு, பிறகு செலவு

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, ஐடிலுக்குச் சற்று மேலே ஆக்சிலரேட்டரைப் பிடித்து, டிம்மைப் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே 13.8 முதல் 14.4 வரை இருப்பது நல்லது. 13.5-க்குக் கீழே என்றால் ஹெட்லைட்டை விட்டுவிட்டு பெல்ட் இழுவை, பேட்டரி டெர்மினல், ஆல்டர்னேட்டர் என்று அந்தப் பக்கம் முதலில் போக வேண்டும். 14.8-க்கு மேல் என்றாலும் நிற்க வேண்டும். அதன் காரணம் பின்னால் வருகிறது.

அடுத்து, பல்பின் பின்னால் ஹோல்டருக்குள் மீட்டரின் கூர்முனையைச் செருகி, பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹோல்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் முழு 13 வோல்ட்டும் காட்டும். மின்னோட்டம் இல்லாதபோது தடையில் எதுவும் இழப்பாவதில்லை. 'கரண்ட் சரியாத்தான் வருது, பல்ப்தான் மோசம்' என்ற முடிவு இந்தத் தவறான அளவிலிருந்தே பிறக்கிறது.

பேட்டரியில் 13.9, பல்பில் 11.6 என்று வந்தால் 2.3 வோல்ட் காணோம். அதைப் பிரித்துப் பார்க்க மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பல்பின் பாசிட்டிவ் பின்னிலும் வைத்தால் வருவது பாசிட்டிவ் பக்க இழப்பு. பல்பின் மறுபக்கப் பின்னிலும் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் எர்த் பக்க இழப்பு. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங்கைத் தொடவே வேண்டாம். நேரே டூமுக்கும் கோணத்துக்கும் போகலாம். எர்த் பக்கம் மட்டும் அதிகமென்றால் பாடியோடு எர்த் முறுக்கியிருக்கும் இடத்தில் துரு இருக்கிறதா, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் பட்டைகள் சரியா என்று பார்க்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய வைத்து, பல் வாஷரோடு முறுக்கி, மேலே வாசலைன் பூசினால் சில வண்டிகளில் ரிலேயே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) தேவைப்படாது.

ரிலே போடும் முன்: உங்கள் வண்டி எந்தப் பக்கம் ஸ்விட்ச் செய்கிறது?

இழப்பு ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ரிலேதான் சரியான வழி. பல்புக்கான மின்சாரம் தடித்த வயரில் பேட்டரியிலிருந்து நேரே வரும். பழைய ஸ்விட்சும் பழைய வயரும் ரிலேக்குள்ளே இருக்கும் காயிலுக்கு (மின்காந்தச் சுருள்) மின்சாரம் கொடுக்கிற வேலையை மட்டும் செய்யும். அந்தக் காயில் எடுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான், ஆகவே ஸ்விட்ச் காண்டாக்ட் இனிமேல் கறுக்காது.

கடையில் 'ஹெட்லைட் ரிலே கிட்' என்று தைத்துவைத்த வயரிங் கிடைக்கும். அதை வாங்கி மாட்டியதும் ஃப்யூஸ் போகிறது, அல்லது எதுவுமே எரியவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. காரணம் இது: பல வண்டிகளில் ஸ்விட்ச் பாசிட்டிவைத் திறந்து மூடும், பல்பின் பொதுப் பின் (இரண்டு இழைகளுக்கும் பொதுவான இணைப்பு முனை) எர்த்தில் இருக்கும். ஆனால் சுசுகி முதலான ஜப்பானிய வடிவமைப்புகளில் இதைத் தலைகீழாகச் செய்வதுண்டு. பொதுப் பின்னுக்கு பாசிட்டிவ் வந்துவிடும், டிம்-பிரைட் ஸ்விட்ச் இழையின் மறுமுனையை எர்த்தோடு சேர்க்கும். நம் எலக்ட்ரீஷியன்கள் 'நெகட்டிவ் ஸ்விட்சிங்' என்பது இதைத்தான். பாசிட்டிவ் ஸ்விட்சிங்குக்காகத் தைத்த கிட் ஒன்றில் பழைய கனெக்டரின் பொதுப் பின் பாடி எர்த்தோடு இணைந்திருக்கும். நெகட்டிவ் ஸ்விட்சிங் வண்டியில் அதைச் சொருகினால் பேட்டரி பாசிட்டிவ் நேரே எர்த்தாகி ஃப்யூஸ் போகும். பொதுப் பின்னை விட்டுவிட்டு காயிலை மட்டும் பாடியில் எர்த் செய்த கிட் என்றால் காயிலின் இரண்டு முனையும் எர்த்தில் நிற்கும், ரிலே 'டிக்' என்று ஒலிக்கவே ஒலிக்காது.

கண்டுபிடிப்பது எளிது. ஹோல்டரைப் பல்பிலிருந்து உருவி, லைட்டைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து மூன்று பின்களையும் தொட்டுப் பாருங்கள். எச்-4 ஹோல்டரில் குறுக்காக மேலே நிற்பது டிம். டிம் போட்டபோது அதில் 12 வோல்ட் வந்து, பிரைட் போட்டதும் அது வேறொரு பின்னுக்கு மாறினால் பாசிட்டிவ் ஸ்விட்சிங். டிம்மானாலும் பிரைட்டானாலும் ஒரே பின்னில்தான் 12 வோல்ட், மற்ற இரண்டும் சும்மா என்றால் நெகட்டிவ் ஸ்விட்சிங். வண்டி கைமாறிக் கைமாறி வந்ததென்றால் யாரோ இடையில் மாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே புத்தகத்தையோ பக்கத்து வண்டியையோ நம்பாமல் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

வயரிங்

தேவையானவை: 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர் நான்கு பின் ரிலே இரண்டு, அவற்றுக்கான சாக்கெட் இரண்டு, பேட்டரியிலிருந்து ரிலே வரை 4 சதுர மில்லிமீட்டர் வயர், ரிலேயிலிருந்து பல்ப் வரைக்கும், பல்பிலிருந்து எர்த்துக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர். காயில் இணைப்புகளுக்கு 0.75 அல்லது 1. எச்-4 செராமிக் ஹோல்டர் இரண்டு. 30 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ் ஒன்று, 10 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ் நான்கு, அவற்றுக்கு மூடியுள்ள ஹோல்டர்கள். வளைய லக்குகள், ஷ்ரிங்க் ஸ்லீவ், நெளிந்த பிளாஸ்டிக் ட்யூப். வயரின் நீளத்தை ஊகத்தில் வாங்க வேண்டாம். வயர் போகும் பாதையிலேயே ஒரு கயிற்றை ஓட்டி அளந்து, அரை மீட்டர் கூட்டி வாங்குங்கள். தடிமனைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம்: மேலுறை தடித்து உள்ளே செம்பு குறைந்த வயர்களும், செம்பு பூசிய அலுமினிய வயர்களும் ஏராளமாக விற்கின்றன. நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு இல்லை.

முதல் வேலை பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது. மெயின் ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் எங்காவது தகட்டில் உரசினால் அதைத் தடுக்க எதுவுமில்லை. இருக்கைக்கு அடியில் பெட்ரோல் இன்ஜின் இருக்கிற வண்டியில் இது விளையாட்டான விஷயமில்லை. தகட்டில் துளை வழியே போகும் இடத்திலெல்லாம் ரப்பர் கிராமெட் வைத்து, இன்ஜின் சூட்டிலிருந்தும் கியர் லிவர், கிளட்ச் கேபிள் அசைவிலிருந்தும் விலக்கிக் கட்ட வேண்டும்.

ரிலேயின் 30-ஆம் எண் பின்னுக்கு அந்தத் தடித்த வயர். 87-ஆம் பின்னிலிருந்து வெளியேறுவதை இரண்டாகப் பிரித்து, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக அனுப்ப வேண்டும். ஒரு ரிலே டிம்முக்கு, மற்றொன்று பிரைட்டுக்கு. பல கிட்களில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஃப்யூஸ்தான் வருகிறது. ஒரு பக்க ஹோல்டரில் ஷார்ட் ஆனால் இரண்டு விளக்கும் ஒரே நொடியில் அணையும். நள்ளிரவில் திண்டிவனம் சாலையில் அதை அனுபவிக்க வேண்டியதில்லை.

காயில் இணைப்புதான் வண்டிக்கு வண்டி மாறுவது. நெகட்டிவ் ஸ்விட்சிங் என்றால் இரண்டு ரிலேயின் 86-ஆம் பின்களும் பழைய கனெக்டரின் பொது (பாசிட்டிவ்) பின்னுக்கு. டிம் ரிலேயின் 85 பழைய டிம் பின்னுக்கு. பிரைட் ரிலேயின் 85 பழைய பிரைட் பின்னுக்கு. பாசிட்டிவ் ஸ்விட்சிங் என்றால் டிம், பிரைட் பின்கள் அந்தந்த ரிலேயின் 86-க்கும், இரண்டு 85-ம் எர்த்துக்கும். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் 86 பாசிட்டிவ், 85 நெகட்டிவ் என்பதை மாற்றக் கூடாது. சாதாரண ரிலேயில் எப்படிக் கொடுத்தாலும் இழுக்கும். ஐந்து பின் ரிலே கிடைத்தால் நடுவிலுள்ள 87ஏ-வில் எதையும் இணைக்கக் கூடாது. லைட் அணைந்திருக்கும்போது மின்சாரம் வரும் பின் அது.

இந்த இணைப்புக்கு ஒரு பக்கத்துப் பழைய கனெக்டர் மட்டும் போதும். மறுபக்கத்துக் கனெக்டரை ஸ்லீவ் போட்டு மூடிக் கட்டிவிடலாம், வெட்ட வேண்டாம். பின்னால் பழையபடி மாற்ற நேர்ந்தால் உதவும்.

நெகட்டிவ் ஸ்விட்சிங் வண்டிகள் சிலவற்றில் ரிலே போட்டபின் டேஷ்போர்டு மீட்டரிலுள்ள பிரைட் இண்டிகேட்டர் மங்கலாக எரியும் அல்லது எரியாது. அந்தச் சின்ன விளக்கு டிம் இழை வழியாகத் தனக்கான பாசிட்டிவை எடுக்கும்படி வைத்திருந்தால் இப்படி ஆகும். இழை இருந்த இடத்தில் இப்போது காயிலின் கூடுதல் தடை இருக்கிறது. இண்டிகேட்டருக்குத் தனியாக பிரைட் ரிலேயின் 87-லிருந்து ஒரு மெல்லிய வயரை, 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸோடு கொண்டுபோய், மறுமுனையை எர்த் செய்தால் தீரும்.

எர்த்தை அலட்சியம் செய்தால் பாதி வேலை வீண். ஆம்னியின் முகப்புத் தகடு துருப்பிடிக்கும் இடம். அதில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி எர்த் எடுப்பதைவிட, இரண்டு விளக்கின் எர்த்தையும் சேர்த்து 4 சதுர மில்லிமீட்டர் வயரில் பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் கொண்டுபோவது மேல். லக்குகளை பிளையரால் நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். ரிலேயைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில், பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி முறுக்குங்கள். மேல்நோக்கி வைத்தால் சாக்கெட்டில் மழைநீர் தேங்கி பின்கள் பச்சை பூக்கும்.

வேலை முடிந்து மறுபடி அளந்தால் பேட்டரிக்கும் பல்புக்கும் இடைவெளி 0.3 முதல் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 11.5 வோல்ட்டில் எரிந்த பல்ப் 13.3-க்கு வந்தால் வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும், அதே 55 வாட் பல்பில்.

இனி 14.8 கதை. வோல்டேஜ் ஏறினால் இழையின் ஆயுள் ஏறத்தாழ 13-ஆம் அடுக்கில் குறையும். 13.2-க்குப் பதில் 14 வோல்ட் போனால் ஆயுள் பாதிக்கும் கீழே. 15 போனால் ஐந்தில் ஒரு பங்கு. ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுப்போன வண்டியில் பழைய வயரிங்கின் இழப்புதான் இத்தனை நாள் பல்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்த இழப்பை நீக்கிவிட்டு 'ரிலே போட்டதிலிருந்து பல்ப் அடிக்கடி போகுது' என்று ரிலேயைத் திட்டுவதில் பயனில்லை.

100/90 ஏன் ஏமாற்றுகிறது

90 வாட் டிம் இரண்டும் சேர்ந்து 15 ஆம்பியர் கேட்கும். 9 ஆம்பியரில் 2 வோல்ட் இழக்கிற வயரிங் 15 ஆம்பியரில் 3 வோல்ட்டைத் தாண்டி இழக்கும். பேட்டரியில் 13.8 இருந்தாலும் பல்புக்கு 10.5 போலத்தான் கிடைக்கும், அந்த வோல்டேஜில் பல்ப் தன் முழு வெளிச்சத்தில் பாதியைக்கூடத் தராது. கூட்டிய வாட்டில் பெரும்பகுதி வயரையும் ஸ்விட்சையும் சூடாக்கப் போகிறது. ரிலே போட்டுவிட்டு 100/90 போடலாமே என்றால், அந்தச் சூடு இப்போது டூமுக்குள் இறங்கும்: ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகிக் கொப்பளிக்கும், பிளாஸ்டிக் ஹோல்டர் பழுப்பேறி உடையும். எதிரே வருபவரின் கண்ணில் விழும் வெளிச்சமும் அதே விகிதத்தில் ஏறும். சாலையில் ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவும் அது இல்லை.

டிம், பிரைட் இரண்டு இழைகளையும் ஒன்றாக எரியவைக்கும் வயரிங் ஒன்றும் புழக்கத்தில் உண்டு. ஒரே கண்ணாடிக்குள் 115 வாட் எரிந்தால் பல்ப் நீடிக்காது. அதோடு வண்டிக்கு முன்னால் பத்து அடியில் வெளிச்சம் கொட்டுவதால் கண் பாவை சுருங்கி, தூரத்தில் இருப்பது இன்னும் குறைவாகத் தெரியும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஓட்டப் பயன்படாது.

எச்-4 டூமில் எல்.இ.டி.

எச்-4 பல்பை உற்றுப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் கரண்டி போல ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். டிம் எரியும்போது அந்தத் தகடு கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்து, ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் விழவைக்கிறது. அங்கிருந்து திரும்பும் ஒளி கீழ்நோக்கிப் போகிறது. எதிரே வருபவருக்குக் கூசாமல் ஒரு கோட்டுக்கு மேலே இருட்டாக இருப்பதன் ரகசியம் அந்தத் தகடும், இழை நிற்கும் மில்லிமீட்டர் கணக்கான இடமும்தான். எல்.இ.டி. பல்பில் ஒளி இரண்டு தட்டையான பக்கங்களிலிருந்து, சற்றே வேறு இடத்திலிருந்து புறப்படுகிறது. அரை மில்லிமீட்டர் விலகினாலும் கோடு கலைந்து வெளிச்சம் மேலே சிந்தும். பெட்டியில் எழுதியிருக்கும் லூமன் எண்ணிக்கை அதிகம்தான், அது சாலையில் போய் விழுமா என்பது வேறு கணக்கு. நெகட்டிவ் ஸ்விட்சிங் வண்டியில் இன்னொரு சிக்கலும் சேரும்: ஹாலஜன் இழைக்கு எந்த முனை பாசிட்டிவ் என்ற கவலை இல்லை, எல்.இ.டி.க்கு உண்டு. பொதுப் பின் எர்த் என்று எதிர்பார்க்கும் எல்.இ.டி. அங்கே எரியாது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. சரியாகக் கோணம் வைத்த 60/55 இதில் தேறும். எல்.இ.டி. மாட்டிய பழைய டூம்களில் பெரும்பாலானவை தேறுவது கடினம். கண்ணாடியில் பாதிக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி இதைச் சமாளிக்க நினைப்பவர்களும் உண்டு. ஸ்டிக்கர் எதிரே கூசுவதைக் கொஞ்சம் குறைக்கும், கூடவே சாலைக்குப் போக வேண்டியதையும் குறைக்கும்.

சாதாரண 60/55-இலேயே பெயருள்ள தயாரிப்பை ஜோடியாக மாற்றினால் போதும். நீலம் பூசிய கண்ணாடி வேண்டாம், அந்தப் பூச்சு ஒளியை வடிகட்டித்தான் வெள்ளையாகக் காட்டுகிறது. கண்ணாடியை விரலால் தொடாமல் மாட்டுங்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூட்டில் சீக்கிரம் கெடும். பல்பின் மூன்று காதுகளில் ஒன்று அகலம். அது தன் பள்ளத்தில் முழுசாக உட்காராமல் கம்பியை மாட்டிவிட்டால் எவ்வளவு நல்ல பல்பும் கோணலாகத்தான் அடிக்கும்.

டூம்

பல்பைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ரிஃப்ளெக்டர் கண்ணாடி போல முகம் காட்ட வேண்டும். பால் நிறமாக, புள்ளி புள்ளியாக, கீழே துருக்கோடு விழுந்து இருந்தால் ரிலே போட்டும் பாதிப் பயன்தான். உள்ளே இருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. துணியால் துடைத்தால் தூசியோடு பூச்சும் வரும். வெறும் தூசி என்றால் மிதமான சூட்டில் தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு விட்டுக் குலுக்கி ஊற்றி, டிஸ்டில்டு வாட்டரில் அலசிக் கவிழ்த்து உலரவிடலாம். அதற்கு மேல் எதுவும் செய்யக் கூடாது. சில்வர் பெயின்ட் அடிப்பது சுத்த வீண். அது ஒளியைத் திருப்பாமல் சிதறடிக்கும். குரோம் முலாம் பளபளவென்று இருக்கும், ஆனால் அலுமினியப் பூச்சு 85 சதவீதத்துக்கு மேல் திருப்பும் இடத்தில் குரோம் 65 சதவீதம் போலத்தான் திருப்பும்.

புது டூம் வாங்கினால் லென்ஸில் அம்புக்குறியைப் பாருங்கள். நம் போல் இடப்பக்கம் போகும் நாடுகளுக்கென்று செய்து ஐரோப்பிய 'இ' முத்திரை பெற்றதில், வண்டிக்கு எதிரே நின்று பார்த்தால் அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டும். 'இ' முத்திரை இருந்தும் அம்பு இல்லை என்றால் வலப்பக்கம் போகும் நாட்டுக்கானது. அதன் டிம் எதிரே வருபவர் பக்கம் ஏறி அடிக்கும். பின்புற ரப்பர் மூடியை விட்டுவிடாதீர்கள். புது டூம் ஒரே மழைக்காலத்தில் மங்குவது பெரும்பாலும் அந்த மூடி இல்லாததால்தான்.

கோணமும் ஆம்னியின் குட்டையான உடம்பும்

சமதரையில், டயர் காற்று சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார, சுவருக்கு நேரே 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து லைட்டின் மையம் எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்து, அதற்கு 5 முதல் 7.5 செ.மீ. கீழே ஒரு கோடு போடுங்கள். டிம்மின் மேல்விளிம்பு வலப்பக்கம் இந்தக் கோட்டில் படுத்திருந்து, மையத்திலிருந்து இடப்பக்கம் 15 டிகிரி மேலேற வேண்டும். ஒரு பக்க ஹோல்டரை உருவிவிட்டு மறுபக்கத்தைச் சரிசெய்வது எளிது. பிரைட்டைத் தனியாகச் சரிசெய்ய வேண்டியதில்லை.

இந்தச் சில சென்டிமீட்டர்கள் சாலையில் பெரிதாகும். லைட் 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், 5 மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கம் டிம்மை 70 மீட்டர் வரை எட்டவைக்கும். 7.5 என்றால் 47 மீட்டர். 15 செ.மீ. இறங்கியிருந்தால் 23 மீட்டர்தான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதித்து நிற்க, உலர்ந்த சாலையில் சுதாரிக்கும் ஒரு நொடியையும் சேர்த்து, சுமார் 40 மீட்டர் வேண்டும்.

ஆம்னிக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. அதன் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 1840 மி.மீ. மட்டுமே, பின்னால் இலைப் பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்). ஆட்களோ மூட்டைகளோ ஏறிப் பின்பக்கம் 4 செ.மீ. அமர்ந்தால், முகப்பு 2 சதவீதத்துக்கு மேல் நிமிரும். 1 சதவீதம் (5 மீட்டருக்கு 5 செ.மீ.) கீழே பார்த்த டிம் இப்போது 1 சதவீதம் மேலே பார்க்கும், எதிரே வருகிற அத்தனை பேர் கண்ணிலும் அடிக்கும். வண்டிக்குள் இருப்பவருக்கோ சாலையில் வெளிச்சமே இல்லாதது போல் தோன்றும். பட்டை தளர்ந்த வண்டியில் காலியாக இருக்கும்போதே இந்த நிலைதான். ஆகவே பின் பட்டைகளைப் பார்த்த பிறகுதான் லைட்டின் கோணத்தை மாற்றும் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். தினமும் சுமையோடு இரவில் ஓடும் வண்டி என்றால் அந்தச் சுமையை ஏற்றிவைத்தே கோணம் வைப்பது சரி. காலியாக வரும்போது எட்டும் தூரம் குறையும், அப்போது வேகத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு விதமாகவும் ஓடுகிற வண்டிக்கு, வழக்கமான சுமையில் பாதியை ஏற்றி 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

முன்கண்ணாடியின் உட்புறத்தையும் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வரும் மென்படலம் எதிர் விளக்கைப் பூவாக விரிக்கும். வைப்பர் கீறிய கண்ணாடிக்கு வழி கண்ணாடியை மாற்றுவதுதான்.

வண்டியில் ஒரு ரிலேயும் நான்கு 10 ஆம்பியர் ஃப்யூஸும், ஒரு 30 ஆம்பியர் ஃப்யூஸும் உதிரியாக இருக்கட்டும். வழியில் டிம் மட்டும் போய், உதிரி ரிலேயும் கையில் இல்லையென்றால், பிரைட் ரிலேயை உருவி டிம் சாக்கெட்டில் சொருகிவிட்டு ஊர் வந்து சேரலாம். இரண்டும் ஒரே ரிலேதான். ஆனால் மாட்டும் நாளிலேயே எந்தச் சாக்கெட் எதற்கு என்று பெயின்ட்டால் எழுதி வைத்திருக்க வேண்டும்.